ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள்: மட்டக்களப்பு, அம்பாறைக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடியில் இருந்துகொண்டு காத்தான்குடி, கல்முனை, மருதமுனை, பாசிக்குடாப் பக்கத்துக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையத்தளம் செய்துகொடுக்கிறேன். "கூகுள்ல எங்கட கடை ஏன் கீழ கிடக்கு?" என்று யார் கேட்டாலும் முதலில் நான் பார்ப்பது முகவரிகளைத்தான். பாதிப் பேருடைய தளத்தில் ஒரே பக்கம் நாலைந்து முகவரிகளில் திறக்கும். இல்லாவிட்டால் பழைய முகவரி ஒன்று யாருக்கும் சொல்லாமல் செத்துப்போயிருக்கும்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு "எங்கள்கடை.இலங்கை" என்றொரு கற்பனை முகவரியை எடுத்துக்கொள்வோம். டொட் இலங்கை என்ற தமிழ் முடிவு 2010 முதல் இருக்கிறது. உங்களுடையது டொட் எல்கே, டொட் கொம் எதுவானாலும் விடயம் ஒன்றுதான்.

"தம்பி, நான் ஒரு பக்கம்தான் போட்டிருக்கன். அதுக்கு எப்பிடி நாலு முகவரி வரும்?"

நீங்கள் போட்டது ஒன்றுதான். ஆனால் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சேர்வர், அதாவது உங்கள் தளம் இருக்கும் கணினி, அதையே எடுத்து நீட்டுகிறது. தொடக்கத்தில் எச்டிடிபி, அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ் என்று இரண்டு. முன்னால் மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது என்று இரண்டு. பெருக்கினால் நாலு. அதோடு முடியாது. "எங்கள்கடை.இலங்கை/சாரம்" என்பதும் "எங்கள்கடை.இலங்கை/சாரம்/" என்பதும் கடைசிக் கோட்டால் வேறுபட்ட இரண்டு முகவரிகள். முகப்புப் பக்கம் "இன்டெக்ஸ்.பிஎச்பி" என்ற கோப்புப் பெயரிலும் திறக்கும். ஆங்கில முகவரியானால் கடைப்பெயருக்குப் பின்னால் வரும் பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் புது முகவரிதான்.

நமக்கு எல்லாம் ஒரே கடை. தேடுபொறிக்கு ஓர் எழுத்து மாறினால் வேறு வாசல். ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு: வெறும் கடைப்பெயருக்குப் பின்னால் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முகவரியாகவே கணக்கு.

"இதால எனக்கென்ன நட்டம்? கூகுள் தண்டனை குடுக்குமா?"

குடுக்காது. ஏமாற்றும் நோக்கத்தோடு பக்கங்களைப் பெருக்கினால்தான் நடவடிக்கை என்று கூகுள் 2008லேயே விளக்கியிருக்கிறது. "டூப்ளிகேட் தண்டனை" என்று பயம்காட்டிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

நட்டம் வேறு இடத்தில். ஒரே பக்கத்தின் பிரதிகளைக் கூகுள் ஒரு கூட்டமாகச் சேர்த்து, அதில் ஒன்றைத் தலைமை முகவரியாகத் தெரிவுசெய்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அதுவாகத் தெரிவுசெய்யும். அது பாதுகாப்பில்லாத பழைய எச்டிடிபி முகவரியாகவும் இருக்கலாம். பிரதிகள் எல்லாம் ஒன்றுதான் என்று அதற்குப் பிடிபடாதபோது, ஒருவர் தந்த இணைப்பு ஓரிடத்திலும் இன்னொருவர் தந்தது வேறிடத்திலும் சேரும். பத்துப் பேர் உங்களைப் பரிந்துரைத்தும், ஐந்து கடைக்கு இரண்டிரண்டு பேர் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"என்ட தளத்திலயும் இப்பிடி இருக்கா எண்டு எப்பிடிப் பாக்கிற?"

போனில் இன்கொக்னிடோ சன்னலை (முன்பு பார்த்ததை நினைவில் வைக்காத சன்னல்) திறந்து, முதல் கேள்வியில் சொன்ன நாலு வகையையும் ஒவ்வொன்றாக முழுதாகத் தட்டுங்கள். நாலும் கடைசியில் ஒரே முகவரியில் போய் நிற்க வேண்டும். நிற்கும் முகவரியைத் தொட்டு முழுதாகப் பாருங்கள், ஏனென்றால் குரோம் முன்பகுதியை மறைத்துத்தான் காட்டும். பிறகு உள்ளே ஒரு பக்கத்துக்கும் இதையே கடைசிக் கோட்டோடும் கோடில்லாமலும் செய்யுங்கள். முகப்புச் சரியாக இருந்து உட்பக்கங்கள் பிழைத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கூகுள் சேர்ச் கொன்சோல், உங்கள் தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கருவி. இலவசம். இன்னும் இணைக்காதவர்கள் இன்றைக்கே இணைத்துவிடுங்கள். ஒரு முகவரியைப் பரிசோதித்தால், நீங்கள் சொன்ன தலைமை முகவரி எது, கூகுள் தெரிவுசெய்தது எது என்று இரண்டையும் காட்டும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் மேற்கொண்டு வாசியுங்கள்.

"டபிள்யூ டபிள்யூ டபிள்யூ வைக்கிறதா, விடுறதா? எது கூகுளுக்கு நல்லம்?"

இரண்டும் ஒன்றுதான். பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் ஏற்கனவே எது அச்சடித்திருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடுங்கள். முன்பு சேர்ச் கொன்சோலில் இதைத் தெரிவுசெய்ய ஓர் இடம் இருந்தது. 2019ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே ரீடைரக்ட்டால்தான், அதாவது ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் திருப்பிவிடுவதால்தான், சொல்ல வேண்டும்.

எச்டிடிபிஎஸ் விடயத்தில் மட்டும் தெரிவு கிடையாது, அதுதான் வேண்டும். தரவரிசையில் அதையும் சிறு அளவில் கணக்கெடுப்பதாகக் கூகுள் 2014ல் அறிவித்தது. அதைவிட, பெயரும் தொலைபேசி எண்ணும் நிரப்பும் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு முக்கியம்.

"301 எண்டும் 302 எண்டும் சொல்றாங்க. எதப் போடுற?"

இவை ரீடைரக்ட் செய்யும்போது சேர்வர் சொல்லும் குறியெண்கள். இடம் நிரந்தரமாக மாறினால் 301. கொஞ்சக் காலத்துக்கு மட்டும் மாறினால் 302. அறுகம்பையில் அலைச் சறுக்கும் பருவம் ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை. பருவம் முடிந்து விடுதியைப் பூட்டும் ஒருவர் முன்பதிவுப் பக்கத்தை "மே மாதம் சந்திப்போம்" என்ற பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார் என்றால் அது 302. அவர் முன்பதிவுப் பக்கத்தின் முகவரியையே மாற்றிவிட்டார் என்றால் 301. 307, 308 என்று இவற்றுக்கு இளையவர்கள் இருவர் உண்டு. 307 தற்காலிகம், 308 நிரந்தரம். சாதாரணக் கடைத் தளத்துக்கு 301ஏ போதும்.

301 போடும்போது அவசரப்பட வேண்டாம். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒருமுறை நான் ஒரு வகைப் பக்கத்தைப் பிழையான இடத்துக்கு 301 போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் சேர்வரில் திருத்தியும், கடைக்காரரின் போனில் இரண்டு நாளாகப் பிழையான பக்கமே வந்தது. இப்போது முதலில் 302 போட்டுச் சோதித்து, சரி என்று கண்ட பிறகே 301 ஆக்குகிறேன். ரீடைரக்ட் போட்டால் பக்கத்தின் மதிப்பில் ஒரு பங்கு கரைந்துபோகும் என்ற பழைய பேச்சு இன்றைக்குப் பொருந்தாது. அப்படி ஒன்றும் கரைவதில்லை என்று கூகுள் தரப்பிலேயே 2016ல் சொல்லிவிட்டார்கள்.

"எச்டிடிபிஎஸ் போட்டதும் முகப்பே திறக்குதில்ல, 'டூ மெனி ரீடைரக்ட்ஸ்' எண்டு வருது. மறுகா என்ன செய்யிற?"

உங்கள் சேர்வருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேயர் என்ற சேவையைப் பயன்படுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதில் "ஃபிளெக்சிபிள்" என்ற தெரிவு இருந்தால், அது உங்கள் சேர்வரோடு எச்டிடிபியில்தான் பேசும். சேர்வர் "எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ" என்று திருப்பும். கிளவுட்ஃபிளேயர் மறுபடி எச்டிடிபியில் வரும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். சேர்வரிலும் எச்டிடிபிஎஸ் சான்றிதழைப் போட்டுவிட்டு "ஃபுல் ஸ்ட்ரிக்ட்" என்று மாற்றினால் சுற்று நின்றுவிடும். கிளவுட்ஃபிளேயர் இல்லையென்றால், தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அமைப்பில் மூன்று டபிள்யூவோடு ஒரு முகவரியும் ஹோஸ்டிங்கில் அது இல்லாமல் ஒரு ரீடைரக்ட்டும் இருந்து, ஒன்றை ஒன்று தள்ளுகிறதா என்று பாருங்கள்.

"கனோனிக்கல் எண்டா என்ன? அதுக்கும் ரீடைரக்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஒருவருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். கனோனிக்கல் என்பது பக்கத்தின் தலைப்பகுதியில் "என் அட்டைப் பெயர் இது" என்று எழுதிவைக்கும் ஒரு வரி. கூகுள், யாஹூ, மைக்ரோசொஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009 பெப்ரவரியில் இதைக் கொண்டுவந்தன. ரீடைரக்ட் ஆளையே வேறு இடத்துக்குக் கூட்டிப்போகும். கனோனிக்கல் ஆளை அங்கேயே விட்டுவிட்டு, தேடுபொறிக்கு மட்டும் தகவல் சொல்லும்.

பழைய வாசலை இனி யாருக்கும் வேண்டாம் என்றால் ரீடைரக்ட். இரண்டு வாசலும் மனிதருக்குத் தேவை, கணக்கு மட்டும் ஒன்றில் சேர வேண்டும் என்றால் கனோனிக்கல். கூகுள் அதை ஒரு வலுவான குறிப்பாக எடுக்கும், கட்டளையாக அல்ல. உள்ளே எழுதும் முகவரி எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழுதாக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கமும் தன்னையே தலைமை என்று சொல்லிக்கொள்வதும் நல்லது. எல்லாப் பக்கத்திலும் முகப்பையே கனோனிக்கலாகப் போட்ட தளங்களைக் கண்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் பொருள் எதையும் கணக்கெடுக்க வேண்டாம் என்று தானாகவே சொன்ன மாதிரி அது.

"மருதமுனையில கைத்தறிக் கடை. ஒரு சாரம் அஞ்சு நிறத்தில இருக்கு, நிறத்தத் தொட்டா முகவரி மாறுது. இதுவும் டூப்ளிகேட்டா?"

"/சாரம்/கட்டம்/?நிறம்=நீலம்" என்ற மாதிரி கேள்விக்குறிக்குப் பின்னால் வால் வருகிறதல்லவா, அதைத்தான் கேட்கிறீர்கள். நிறம் மட்டும் மாறி விவரம் எல்லாம் ஒன்றாக இருந்தால், வாலில்லாத "/சாரம்/கட்டம்/" என்பதைக் கனோனிக்கலாக வையுங்கள். விலை வரிசைப்படுத்தும் வாலுக்கும் இதுவே. ஒரே சாரம் "கைத்தறி" வகையிலும் "ஆண்கள்" வகையிலும் இரண்டு பாதையில் திறந்தால், பொருளின் பாதையில் வகைப் பெயரே வராமல் அமைப்பது இன்னும் சுத்தம்.

ஆனால் ஒரு நிறத்தையே பெயர் சொல்லி ஆட்கள் தேடுகிறார்கள், அதற்கு வேறு படமும் வேறு விவரமும் உங்களிடம் இருக்கின்றன என்றால், அது தனிப் பக்கமாக நிற்கத் தகுந்தது. அதைக் கனோனிக்கலால் மூட வேண்டாம். எது அப்படிப்பட்டது என்று தறிக்காரருக்கும் கடைக்காரருக்கும்தான் தெரியும், எந்தக் கருவியும் சொல்லாது.

வால் முகவரிகள் பெருகுவதைத் தடுக்க, தேடுபொறி எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அவற்றை அடைத்துவிடுபவர்கள் உண்டு. அடைத்தால் கூகுள் பக்கத்தின் உள்ளே வராது, உள்ளே இருக்கும் கனோனிக்கலையும் வாசிக்காது. சேர்ச் கொன்சோலில் வால்களைக் கையாள இருந்த கருவியையும் 2022ல் நிறுத்திவிட்டார்கள். கனோனிக்கலே வழி.

"பேஸ்புக்கில இருந்து வாற ஆக்களுக்கு முகவரியில நீளமா ஏதோ ஒட்டிக் கிடக்கே?"

அது யார் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கப் பேஸ்புக் ஒட்டும் அடையாளம். 2018 முதல் இருக்கிறது. தன்னையே சொல்லும் கனோனிக்கல் இருந்தால் பயமில்லை. அந்த வாலோடு நகலெடுத்து வட்ஸ்அப் குழுவிலோ உங்கள் தளத்துக்குள்ளேயோ ஒட்டுவதை மட்டும் தவிருங்கள்.

"பாசிக்குடாவ இங்கிலிஷ்ல ஆளுக்கொரு மாதிரி எழுதுறாங்க. ஒவ்வொண்டுக்கும் ஒரு பக்கம் போட்டா எல்லாத்துக்கும் வருவம்தானே?"

ஒற்றை எஸ், இரட்டை எஸ், கடைசியில் எச் உள்ளது, இல்லாதது என்று பாசிக்குடாவுக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் இருப்பது உண்மை. எல்லாம் ஒரே கடற்கரை என்று கூகுளுக்குத் தெரியும். எழுத்தை மட்டும் மாற்றி நாலு பக்கம் போட்டால், இரண்டாவது கேள்வியில் சொன்ன "ஏமாற்றும் நோக்கம்" என்ற வகைக்குள் போகிறீர்கள். தேடுபொறியைப் பிடிக்க மட்டும் போடும் வாசல் பக்கங்களுக்கு எதிராகக் கூகுளுக்கு வெளிப்படையான விதி இருக்கிறது. ஒரு பக்கத்தை வைத்து, அதில் கல்குடாவில் இருந்து எவ்வளவு தூரம், ஆழமில்லாத தண்ணீர் எவ்வளவு தூரத்துக்குப் போகிறது என்று எழுதுங்கள். இன்னொரு எழுத்துக்கூட்டலை வசனத்தில் ஒருமுறை சொன்னால் போதும். ஏற்கனவே போட்ட நாலையும் அந்த ஒன்றுக்கு 301 போடுங்கள்.

"புதுத் தளம் செய்யிறம். பழைய பக்கமெல்லாத்தையும் முகப்புக்குத் திருப்பிவிட்டாச் சரிதானே?"

சரியில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

ஒரு கடற்கரை விடுதியின் தளம், புதிதாகக் கட்டப்பட்ட பிறகு என் கைக்கு வந்தது. பழைய தளத்தில் குடும்ப அறைக்கு ஒரு பக்கம் இருந்தது. வெளிநாட்டுப் பயணிகள் சிலர் தங்கள் தளங்களில் அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். புதுத் தளத்தில் எல்லாமே முகப்புக்குப் போயின. பிள்ளைகளோடு தங்க அறை தேடி வந்த ஆளுக்குக் கடல் படம் ஒன்றுதான் கிடைத்தது. பொருத்தமில்லாமல் முகப்புக்குத் திருப்பியதைக் கூகுளும் "சொஃப்ட் 404", அதாவது இல்லாத பக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். வருடக்கணக்காகச் சேர்ந்த நல்ல பெயர் கணக்கில் வராமல் போனது. விடுதி முகாமையாளரும் நானும் ஒரு நாள் முழுக்க இருந்து இரண்டு நிரல் தாள் ஒன்று செய்தோம். இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதற்கு நேரான புதியது. பழையவற்றைப் பழைய சைட்மேப் (தளத்தின் முகவரிப் பட்டியல்), 16 மாதத் தரவு வைத்திருக்கும் சேர்ச் கொன்சோல், பழைய தளங்களின் பிரதியைச் சேமிக்கும் வேபேக் மெஷின் மூன்றிலிருந்தும் பொறுக்கினோம். ஒரு வரியில் முகாமையாளர் நிறுத்தி, "இந்தக் கபானாவ உடைச்சிட்டம் தம்பி" என்றார். அதற்கு நேரே திருப்ப இடமில்லை, 410 என்று எழுதினோம். போய்விட்டது, திரும்பாது என்று அர்த்தம். நேர்ப் பக்கம் இல்லாததற்கு நேர்மையான 404ஓ 410ஓதான் சரி.

இந்தத் தாளைத் தளம் மாற்றும் முன்பே செய்தால் ஒரு நாள் வேலை, பிறகென்றால் தேடிப் பொறுக்க வேண்டும். ரீடைரக்ட்டுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தால் எடுக்காமலே விடுங்கள், மேசையில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரும் வீதிப் பலகையும் ஒரு வருடத்தில் அழிவதில்லை. பழையதிலிருந்து புதியதற்கு நேராக ஒரே தாவல்தான் இருக்க வேண்டும். கூகுள் பத்துத் தாவல் வரை பின்தொடரும் என்றாலும், ஒவ்வொரு தாவலுக்கும் மெதுவான டேட்டாவில் நிற்கும் வாடிக்கையாளர் காத்திருக்கிறார்.

"கடைப்பேரையே மாத்திட்டம். பழைய டொமைன் இனி வேணாம்தானே?"

வேண்டும். மேலே சொன்ன தாளோடு சேர்ச் கொன்சோலில் முகவரி மாற்றக் கருவியையும் பயன்படுத்துங்கள். அது 180 நாளுக்கு வேலைசெய்யும். அதற்குப் பிறகும் பழைய டொமைனுக்கு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி வையுங்கள். கைவிட்ட டொமைனை யாரும் வாங்கலாம். உங்கள் கடைப்பெயரில் சூதாட்டத் தளம் திறந்தால் வாடிக்கையாளர் உங்களிடம்தான் கேட்பார்.

"செய்தித் தளம் நடத்துறன். முகவரியத் தமிழ்ல வைக்கலாமா? வட்ஸ்அப்பில ஒட்டினா வீதக் குறியா வருதே."

வைக்கலாம், கூகுள் தமிழ் முகவரியை நன்றாகவே வாசிக்கும். வீதக் குறி வரும் காரணம் இது: யூனிக்கோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அலகு), ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக விரியும். "மட்டக்களப்பு" என்பதில் புள்ளியையும் உகரக் கொக்கியையும் தனித்தனியாக எண்ணினால் 12 குறிகள். 12ஐ 9ஆல் பெருக்கினால் 108 எழுத்து, ஊர்ப் பெயருக்கு மட்டும்.

வேர்ட்பிரஸ் இந்தப் பகுதியை 200 எழுத்தில் வெட்டிவிடும். "மட்டக்களப்பு மாவட்டத்தில்" என்று தலைப்புத் தொடங்கினால் முகவரி "மட்டக்களப்பு-மாவட்டத்தி" என்பதோடு நின்றுவிடும், ஒரு "ல்" எழுதக்கூட இடமில்லை. அப்படித் தொடங்கும் அடுத்த செய்திக்கும் அதே முகவரி வரப் பார்க்கும், ஆகவே கடைசியில் 2, 3 என்று எண் ஒட்டும். இவை டூப்ளிகேட் இல்லை, ஆனால் எது எந்தச் செய்தி என்று மனிதருக்கும் இயந்திரத்துக்கும் விளங்காது. பிரசுரிக்கும் முன் "வாவி-மீன்பிடி" என்ற மாதிரி இரண்டு சொல்லில் கையால் எழுதிவிடுங்கள். பிரசுரித்த பிறகு மாற்றினால், செய்தி போன்ற பதிவுகளுக்கு வேர்ட்பிரஸ் தானாகத் திருப்பிவிடும். "எங்களைப் பற்றி" போன்ற நிலையான பக்கங்களுக்குத் திருப்பாது, நீங்கள்தான் 301 போட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. "கோட்டை" என்பதில் உள்ள "கோ"வை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒன்றாக வரும், அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக வரும். திரையில் ஒரு வித்தியாசமும் இல்லை. சேர்வருக்கு இரண்டும் வேறு முகவரி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிக்கோடுக்கு மாற்றும்போது இந்தச் சிக்கல் வரலாம். கண்முன்னே பக்கம் இருக்க, அதே முகவரி 404 காட்டினால், அந்தச் சொல்லை அழித்து யூனிக்கோட் விசைப்பலகையில் மறுபடி தட்டிப் பாருங்கள்.

"தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூண்டிலயும் ஒரே விசயம் போட்டிருக்கம். டூப்ளிகேட்டா?"

இல்லை. மொழிபெயர்ப்பு தனிப் பக்கம். ஒவ்வொன்றும் தன்னையே கனோனிக்கலாகச் சொல்லி, மற்ற இரண்டையும் எச்ரெஃப்லாங் என்ற, மொழியைச் சொல்லும் குறியால் காட்டட்டும். மூன்றும் ஒன்றையொன்று காட்ட வேண்டும். தமிழ்ப் பக்கத்தின் கனோனிக்கலாக ஆங்கிலப் பக்கத்தைப் போட்டால் தமிழ்ப் பக்கம் தேடலில் இருந்து காணாமல் போய்விடும். அம்பாறையில் மூன்று மொழியிலும் தளம் வைத்திருந்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. தமிழில் தேடிய சொந்த ஊர்க்காரருக்கே கடை தெரியவில்லை.

வருபவரின் நாட்டைப் பார்த்துத் தானாக மொழி மாற்றும் ரீடைரக்ட்டும் வேண்டாம். கூகுளின் இயந்திரம் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்துதான் வருகிறது. அதை எப்போதும் ஆங்கிலத்துக்கே தள்ளினால் தமிழ்ப் பக்கத்தை அது காணவே காணாது.

"எல்லாம் செஞ்சிட்டன், கூகுள் இன்னும் பழசைத்தான் காட்டுது. எங்க பிழை?"

பெரும்பாலும் உங்கள் தளமே இரண்டு வாயால் பேசுகிறது. ரீடைரக்ட் புதியதைச் சொல்லும், மெனுவில் உள்ள இணைப்பு பழையதாக இருக்கும். கனோனிக்கல் ஒன்றாக இருக்கும், சைட்மேப்பில் வேறொன்று. மெனு, அடிப்பகுதி, சைட்மேப், கூகுள் மெப்பில் உள்ள கடை விவரம், பேஸ்புக் பக்கத்தின் அறிமுகம் எல்லாவற்றையும் ஒரே முகவரிக்கு மாற்றுங்கள். தேடலில் காட்ட வேண்டாம் என்று சொல்லும் நோஇன்டெக்ஸையும் கனோனிக்கலையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால் பொறுங்கள். சிறிய தளத்தைக் கூகுள் தினமும் வந்து பார்ப்பதில்லை. அவசரத்தில் சேர்ச் கொன்சோலின் நீக்கும் கருவியைத் தொட வேண்டாம். அது சுமார் ஆறு மாதம் மறைத்துத்தான் வைக்கும், எச்டிடிபியை நீக்கச் சொன்னால் எச்டிடிபிஎஸ்ஸையும் சேர்த்து மறைக்கும்.

"நாங்க போட்ட செய்திய இன்னொரு தளம் அப்பிடியே எடுத்துப் போட்டு, தேடினா அவங்கதான் மேல வாறாங்க. என்ன செய்யிற?"

முதலில் மூன்றாவது கேள்வியில் சொன்ன பரிசோதனையை உங்கள் செய்திக்கே செய்யுங்கள். உங்கள் முகவரி இரண்டாக உடைந்திருந்தால் அதைச் சேர்ப்பதுதான் முதல் வேலை. பல நேரம் அதோடு நிலைமை மாறிவிடும். அடுத்தது, எடுத்தவருக்கு மரியாதையாக எழுதி, செய்தியின் மேலேயே மூலச் செய்திக்கு இணைப்புக் கேளுங்கள். சம்மதத்தோடு உங்கள் செய்தியைப் பகிரும் தளமானால், அவர்கள் பிரதியில் நோஇன்டெக்ஸ் போடச் சொல்லுங்கள். இரண்டு தளத்தின் வடிவமும் வேறாக இருப்பதால் இங்கே கனோனிக்கலைவிட அதுதான் நிச்சயமாக வேலைசெய்யும். கேட்டும் எடுக்காவிட்டால் கூகுளின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பலாம். அதில் உங்கள் செய்தியின் முகவரியைக் கேட்பார்கள், அடுத்த வருடமும் திறக்கக்கூடிய தலைமை முகவரியைக் கொடுங்கள்.